படம் வராத செத்தவீடு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள உமாசுதன் அண்ணாவுக்கு,

நானும் மனைவி அருந்ததியும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழமை. இந்த மாதம் அந்தச் சொல் கைக்கு வரவில்லை.

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் வாசித்ததற்கு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. அதனால் அம்மாவின் அறையில் இருக்கும் பழைய கணினியில் இதைத் தட்டி அனுப்புகிறேன். வாசிக்கப் பொறுமை இல்லாவிட்டால் உஷாந்தி அண்ணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

செத்தவீட்டு அன்று உங்களுக்குப் படம் வரவில்லை. நான் வேண்டுமென்று நிறுத்தினேன் என்று நீங்கள் பொன்னம்பலம் மாமாவிடம் சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். "உன்ர கோபத்தைச் சவத்துக்கு முன்னாலயும் காட்டினியோடா" என்று கேட்டார். என்ன நடந்தது என்று எனக்கே அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

அம்மாவுக்குக் கண் மங்கியபோது, பெரிய திரையில் பேசட்டும் என்று நீங்கள் கனடாவிலிருந்து கமரா அனுப்பினீர்கள். பழைய கணினிக்கு அந்தக் கமரா ஒத்துவராது என்று, உள்ளே பூட்டுகிற ஒரு கார்டும் சேர்த்து அனுப்பினீர்கள். கணினிப் பெட்டியைத் திறந்து அந்தக் கார்டைப் பூட்டியது நான். கமரா அதில்தான் சொருகியிருக்கும். ஞாயிறு தோறும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு அதற்கு முன்னால் போய் இருப்பா. மேல்வீட்டு ஹியூபேட், "ஆச்சி பாங்குக்குப் போற மாதிரியெல்லோ வெளிக்கிடுறா" என்று பகிடி பண்ணுவார். உங்களோடு பேசி முடித்த பிறகு என்னிடம், "அவன் மெலிஞ்சு போனான்" என்பா. பக்கத்தில் இருக்கிறவன் மெலிந்தானா கொழுத்தானா என்று அம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அன்று காலை நானும் ஹியூபேட்டும் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தோம். கமராவை அம்மாவின் பக்கம் பார்க்க வைத்து, வந்தவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். என் போனிலிருந்துதான் கணினிக்கு இணையம் கொடுத்தேன். போன் மேசைக்குக் கீழே கிடந்தது. நீங்கள் திரும்பத் திரும்ப அழைத்ததை நான் அறியவில்லை. தொடங்குமுன் "சரியா?" என்று தட்டினேன். "கேக்குது" என்று நீங்கள் எழுதினீர்கள். "தெரியுது" என்று எழுதவில்லை. குருக்கள் கூப்பிட்டார், நான் போய்விட்டேன்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உரலில் சுண்ணம் இடித்ததை, பெண்கள் அழுததை, சவப்பெட்டியை மூடியதை. ஒலிவாங்கி பழைய துளையில் பூட்டியிருந்தது, அது ஒழுங்காக வேலை செய்தது. மாமா "மூத்தவன் வரேல்லையோ" என்று கேட்டதும், நான் "அண்ணாவுக்கு வீடியோ போதும்" என்று சொன்னதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்த வீடியோகூட உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பது எங்கள் வழமை. இரண்டு பேருக்கும் கொள்ளி வைத்தவன் நான். அப்பா போனபோது உங்களிடம் வதிவிடக் கடதாசி இல்லை, வரமுடியாது என்றீர்கள், விளங்கியது. இந்த முறை கடவுச்சீட்டு இருக்கிறது, விமானம் இருக்கிறது. "சரிவராது தம்பி" என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுதான் மாமாவிடம் அப்படி வெளியே வந்தது.

மாமா என்னைக் கேட்ட பிறகு கணினிப் பெட்டியைத் திறக்க உட்கார்ந்தேன். முதலில் கணினிக்குள் தேடிப் பார்த்தேன். கார்டின் பெயர் பட்டியலில் இருக்கிறது. சரியாக வேலை செய்கிறது என்று பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. அதை நம்பி இரண்டு மூன்று நாள் வீணாக்கினேன். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். கார்டைக் கழற்றி அதன் பித்தளை விளிம்பை அழிறப்பரால் தேய்த்தேன். பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பார்த்தேன். கமராவில்தான் பழுது என்று நினைத்து உங்களைக்கூடத் திட்டினேன், மலிவான சாமான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று. கடைசியில் அடியில் சிவப்பு வெளிச்சம் எரியும் மவுஸை எடுத்து அந்தக் கார்டில் சொருகினேன். வெளிச்சம் வரவில்லை. பழைய துளையில் சொருகினேன், எரிந்தது. கார்டு இருக்கிறது, அதற்கு மின்சாரம் போகவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனியாக ஒரு வயர் போகவேண்டும். டோர்ச் அடித்துப் பார்த்தேன். கார்டின் ஓரத்தில் வெள்ளைச் சொருகி வெறுமையாக இருந்தது. வயர் எங்கே என்று பிடித்துக்கொண்டு போனால், பெட்டியின் அடியில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கில் போய் நிற்கிறது.

அதை அங்கே கொடுத்தவன் நான்தான் அண்ணா. அம்மா கண் மூடிய அன்று, மரண அறிவித்தலுக்கு வேறு படம் வேண்டாம், நீங்கள் வந்து நின்றபோது எடுத்த பச்சைச் சேலைப் படம்தான் வேண்டும் என்று போனில் பிடிவாதமாக நின்றீர்கள். அந்தப் படம் அலுமாரிக்குள் கிடந்த பழைய டிஸ்க்கில் இருந்தது. டிஸ்க்கை ஓடவிட மிச்சமாக ஒரு வயர்கூட இல்லை. கார்டின் வயரைக் கழற்றிக் கொடுத்தேன். படத்தை எடுத்து அனுப்பினேன். திரும்ப மாட்டவேண்டும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் யாருக்கு வரும்?

அம்மாவின் படத்துக்குக் கொடுத்த மின்சாரம்தான் உங்களுக்கு வராமல் போனது. இதில் யார் குற்றம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் யோசித்து அலுத்துவிட்டேன்.

அந்தப் படத்தில் நீங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அறிவித்தலுக்கு அம்மா மட்டும் வேண்டும் என்பதால் உங்களை வெட்டினேன். அம்மாவின் தோளில் கிடந்த உங்கள் கை மட்டும் மிஞ்சியது. அழிக்க எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருப்பதும் அதுதான். வருகிறவர்கள் யாருடைய கை என்று கேட்கிறார்கள்.

நேற்று உஷாந்தி அண்ணி போன் எடுத்தா. உங்களுக்குத் தெரியாமல்தான் எடுத்தாவாம். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் கிடக்கிறீர்கள் என்றும், கடைசி இரண்டு வருடமாக அப்படித்தான் என்றும், அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று தடுத்தீர்கள் என்றும் சொன்னா. "தம்பிக்காவது சொல்லுங்கோ எண்டு கெஞ்சினனான், கேக்கேல்லை" என்று அழுதா. ஞாயிறு தோறும் "நான் சுகமாயிருக்கிறன்" என்றுதானே நீங்கள் சொன்னீர்கள். திரையில் உங்கள் பெயர் இருந்தது, முகம் இருந்தது, நானும் நம்பினேன். கண் தெரியாத அம்மாதான் மெலிந்ததைக் கண்டா.

எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு இன்னும் கோபம்தான். வேறு யாரிடம் சொல்ல வைத்திருந்தீர்கள்? அன்று மாமாவிடம் நான் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காதில் விழுந்தது விழுந்ததுதான்.

வயரைத் திரும்பக் கார்டில் மாட்டிவிட்டேன். கமராவில் பச்சை வெளிச்சம் எரிகிறது. வருகிற புதன்கிழமை அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. வீட்டுக் கிரியையை முழுவதும் காட்டுவேன். திரையை இந்த முறை சுவர்ப்பக்கம் திருப்பமாட்டேன். எங்களைப் பார்த்தபடி இருக்கட்டும், நீங்களும் வந்து நிற்கிற மாதிரி. அன்று மெஷினில் கிடக்கிற நாளாக இருந்தால் அங்கிருந்தே பாருங்கள். அந்தக் கோலத்தைக் காண எனக்கு மனம் வராது என்று நினைத்து முகத்தை மறைக்கவேண்டாம்.

அம்மா உங்களைக் கைவிடமாட்டா. சாப்பாட்டில் கவனமாக இருங்கள். தொடங்குமுன் நான் தட்டிக் கேட்பேன். கேட்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு இருக்காதீர்கள் அண்ணா. தெரிகிறது என்று எழுதுங்கள். அதைக் கண்ட பிறகுதான் குருக்களைத் தொடங்கச் சொல்லுவேன்.

உங்கள் தம்பி,
ஜனா