கூப்பிடக் கூப்பிட

போடிநாயக்கனூர்
6-12-54

அன்புள்ள தங்கை ஜெயபாக்கியத்துக்கு,

இங்கே ஏலக்காய்க் கடையிலும் வீட்டிலும் எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரர் நேற்று பஸ்சில் வந்து சேர்ந்தார். தூத்துக்குடி உப்பளத்து வெயிலில் வெந்தது போதுமாம். குரங்கணியிலிருந்து நடந்தே ஏறி, டாப் ஸ்டேஷன் உச்சியில் நின்று கடல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம்! மூட்டை தூக்குகிறவர்கள் விதியே என்று ஏறுகிற மலையை மனுஷன் பொழுதுபோக்குக்கு ஏறுவாரா? கித்தான் ஜோடு, தூரக்கண்ணாடி, பை நிறைய பிஸ்கோத்து. உன் மதினி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

துணைக்கு நம் தோட்டத்து ஆள் சோணை போகிறான். பயப்படாதே. வயிற்றுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
பிச்சைமணி

தூத்துக்குடி
9-12-54

அன்பு அண்ணனுக்கு ஜெயபாக்கியத்தின் தோத்திரம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த மாதம் மத்தியானத்துக்கே மலையில் பனி இறங்கிவிடுமே. கடற்கரையில் நடந்தவருக்கு அது என்ன தெரியும்? எப்படியாவது நிறுத்தி வையுங்கள். கிறிஸ்மஸுக்கு இங்கே இருக்கச் சொல்லுங்கள்.

என் பேச்சைக் கேட்க மாட்டார். ஆனால் கொடுத்த வாக்கை மீற மாட்டார், அதுவரைக்கும் ஆறுதல். புறப்படும்போது ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறேன். என்னவென்று சொன்னால் கேலி செய்வீர்கள்.

தங்கை,
ஜெயபாக்கியம்

போடிநாயக்கனூர்
13-12-54

பாக்கியம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. உன் கடிதம் வருமுன்பே, சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை மலையேறிவிட்டார். இன்னும் இறங்கவில்லை. சோணையை முந்திக்கொண்டு நடந்தாராம், பனி மூடிவிட்டதாம்.

நேற்று ஆட்களோடு போனேன். "முதலாளி, பேரச் சொல்லாதீக. கூவுங்க. ஆளா இருந்தா எதிர்க்கூவு வரும்" என்றான் சோணை. பிசாசுக்குப் பயப்படவா ஞானஸ்நானம் வாங்கினோம் என்று அவனை அதட்டிவிட்டு, "சின்னத்துரை மாப்ளே!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

அவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய இருமல் கிட்டத்திலேயே கேட்டது. நான் கூப்பிட்டதும் நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், கல் உருண்டது. கூப்பிடக் கூப்பிடக் காலடிச் சத்தம் விலகி விலகிப் போனது. அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். என் குரலைக் கேட்டு ஏன் ஓடுகிறார்? உங்களுக்குள் ஏதும் சண்டையா? மறைக்காமல் எழுது.

நாளை சபையார் எல்லோரும் வருகிறார்கள். ஆள் கிடைக்கும்வரை அங்கேயே தங்கி, விடாமல் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறோம்.

பிச்சைமணி

தூத்துக்குடி
15-12-54

அண்ணே,

சண்டை இல்லை. சின்ன வயதில் தோட்டத்துக் கருத்தம்மா சொன்னதை நான் நம்பிவிட்டேன். மலையில் பேர் சொல்லிக் கூப்பிடுவது மனுஷன் இல்லையாம். தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடுமாம். பதில் கொடுத்தால் ஆள் திரும்ப மாட்டானாம். மனுஷன் என்றால் கூவுவானாம். அவர் கையை என் வயிற்றில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். பேர் கேட்டால் வாய் திறக்காமல் எதிர்ப்பக்கம் நடந்துவிட வேண்டும் என்று. சிரித்துக்கொண்டேதான் செய்தார். அந்தப் பனியில் உங்கள் குரல் கேட்டபோது சிரித்திருக்க மாட்டார்.

தந்தி கொடுத்திருக்கிறேன். மலையில் இருக்கிற உங்களுக்கு அதை யார் கொண்டுவந்து தருவார்கள்? டாக்டர் என்னை அசையக் கூடாது என்கிறார். இதைப் போடி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நேற்றிலிருந்து ஊரே கூடி அவரைப் பள்ளத்துக்கு விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்துங்கள் அண்ணே. கூவுங்கள்.

ஜெயபாக்கியம்