பயிற்சிக்கு வந்த முதல் மேலாளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் முழங்கால் வலி தேவலையா?

மேலாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி தரும் வேலையில் எனக்கு இன்று முதல் ஆள் வந்தார். அவர் தொடர்ந்து வந்தால்தான் என் வேலை நிரந்தரம்; உன்னிடம் விட்டுவந்த என் மகள் பாப்பாவையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். இந்தப் பயிற்சியில் நாங்கள் புத்தி சொல்லக்கூடாது, வந்தவரே விடையைக் கண்டுபிடிக்கும்படி கேள்விதான் கேட்க வேண்டும்.

"கூட்டத்துல என் ஆளுங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்கம்மா" என்றார் அந்த மேலாளர். பயத்தில் எனக்குக் கேள்வியெல்லாம் மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தேன். அவரோ நிறுத்தாமல் பேசிக்கொண்டே போய், திடீரென்று, "நான் விட்டாத்தானே அவங்க பேசுவாங்க!" என்று சிரித்துவிட்டார். "நல்லா சொல்லிக்குடுத்தீங்க, அடுத்த வாரமும் வரேன்" என்று கிளம்பினார். நான் எங்கே சொல்லிக்கொடுத்தேன்!

பாப்பாவின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்கி வைக்கிறேன். தூங்கும்போது இன்னும் என்னைத் தேடுகிறாளா? சீக்கிரம் பதில் போடு அம்மா.