சங்கத்தில் முதல் ஓட்டு

ஜூன் 11
விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து இன்றோடு ஒரு வருஷம். எனக்கு வயது பத்தொன்பது. சங்க விதிப்படி இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு. நாட்டுக்கே பதினெட்டு போதும், எங்கள் குமாரபாளையத்துச் சங்கத்துக்குப் போதாதா? பட்டறையில் பெண்கள் எங்களுக்குக் கழிப்பறை இல்லை. முதலாளியிடம் பேசச் சொல்லி மூன்று மனு கொடுத்தோம். சங்கக் கமிட்டியில் எடுக்கவே இல்லை. ஓட்டில்லாதவர்கள் பேச்சு யார் காதில் விழும்?

ஜூன் 25
வயதைப் பதினெட்டாகக் குறைக்கும் திருத்தம் பொதுக்குழுவில் தோற்றுவிட்டது. ஓட்டுள்ள மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். இரண்டு குறைவு. இரண்டே இரண்டு! அத்தாயி அக்காவும் சாரதாமணி அக்காவும் அந்த நேரம் என்னோடு தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஷிப்டை விட்டு எப்படிப் போவது?
எதிர்த்துப் பேசியது காலை ஷிப்ட் பூபதி அண்ணனாம். "சின்னப் புள்ளைக ரெண்டு வருசத்துல திருப்பூர் போயிருமுங்க. ஓட்டு எதுக்கு?"
நான் எங்க போறேன்? அம்மாவும் தம்பியும் இங்கதான இருக்காங்க.

ஜூன் 26
எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 24
மறுபடி பொதுக்குழு, அதே திருத்தம். மூன்றரைக்குப் பூபதி அண்ணன் பட்டறைக்குள் வந்து நின்றார். ஷிப்ட் முடித்து முகம்கூடக் கழுவவில்லை. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
"அத்தாயி, நீயும் சாரதாமணியும் கூட்டத்துக்குப் போங்க. தறிய நான் பாத்துக்கறேன்."
"ஏனுங்க, நாங்க போனா உங்களுக்கு எதிராத்தான கை தூக்குவோம்?"
"தூக்குங்க. நீங்க வராம ஜெயிச்சது எனக்கே ஒரு மாதிரி இருக்குது."
முதலாளியிடமும் அவரே சொல்லியிருந்தார். எட்டுத் தறியை ஒற்றை ஆளாகப் பார்த்தார். இழை அறுந்தபோதெல்லாம் நானும் ஓடினேன். ஐந்தரைக்கு சாரதாமணி அக்கா வாசலில் நின்று கையை ஆட்டிச் சிரித்தது. நிறைவேறிவிட்டது! அண்ணனிடம் சொல்லப் போனேன்.
"அந்தத் தறில நூல் தீரப்போவுது, பாரு அம்மிணி" என்றார்.

டிசம்பர் 14
சங்கத் தேர்தல். செயலாளர் பதவிக்குப் பூபதி அண்ணனும் சாரதாமணி அக்காவும். சீட்டோடு ரொம்ப நேரம் நின்றேன். அன்றைக்கு அண்ணன் வராவிட்டால் இந்தச் சீட்டே என் கைக்கு வந்திருக்காது. ஆனால் கழிப்பறை கேட்டு மனுவோடு அலைந்தது சாரதாமணி அக்கா. அக்காவுக்கே போட்டேன். பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது.
மனசு கேட்கவில்லை. வெளியே நின்றவரிடம் போய், "அண்ணா, நான் உங்களுக்குப் போடலீங்க" என்றேன்.
"தெரியும் சாமி. மொகத்துக்காக எனக்குப் போட்டிருந்தாத்தான் வருத்தம்."

பிப்ரவரி 3
கழிப்பறையைத் திறந்தாயிற்று. இன்றைக்கு ஷிப்டில் பயமில்லாமல் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.