இரண்டும் ஒரே பெட்டியில்

12.08.2004, வியாழன். மாங்குளம்.

மகன் சாமான்களை வாங்கி, வீட்டில் தானே ஒரு கொம்பியூட்டர் பூட்டப் போகிறானாம். குடும்பத்தின் படம், வீடியோ எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைப்பானாம். காலையில் கொப்பித் தாளில் கீறிக் காட்டினான். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் உள்ளதெல்லாம் மற்றதிலும் இருக்கும். ஒன்று பழுதானாலும் பயமில்லையாம்.

"பெட்டியே போச்செண்டால்?" என்று கேட்டேன்.

"அப்பா, ரெண்டாம் வகுப்போடை நிண்டனீங்கள். உதுக்கை தலையைப் போடாதேங்கோ."

மருமகள் சிரித்தாள்.

"ஒரு டிஸ்க்கை வவுனியாவிலை கொக்காவிட்டைக் குடன்" என்றேன். அவனுடைய அக்கா, என் மகள், அங்கேதான் இருக்கிறாள்.

"வழியிலை ஆமிச் சோதனையிலை பறிச்சுப்போடுவாங்கள். சண்டையும் நிண்டிட்டுது. இனி ஆர் ஓடப்போகினம்?"

சண்டைக்குள் கடைசியாக ஊரைவிட்டு ஓடியபோது நானும் அல்பத்தையும் அதன் நெகட்டிவையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்துத்தான் வளவில் மண்ணுக்குள் தாட்டேன். "நெகட்டிவைத் தாங்கோ, மடியிலை கட்டிக்கொண்டு வாறன்" என்றாள் என் மனைவி. "உனக்கு என்னடி தெரியும்?" என்று பாய்ந்தேன். திரும்பி வந்தபோது யாரோ தோண்டிய கிடங்கு மட்டும் இருந்தது. போன இடத்தில் காய்ச்சலில் செத்தவளுக்கு மாலை போட ஒரு படம் இல்லை. மகளிடம் இருந்ததால் தப்பிய அவளின் கலியாண வீடியோக் கசெட்டில் மட்டும் இருக்கிறாள், பந்தியில் சோறு போட்டபடி.

"கொம்பியூட்டரிலை பதிஞ்சு முடிய அந்தக் கசெட்டை எறியலாம்" என்கிறான் மகன்.

அவன் பேசுவது அன்று அவளிடம் நான் பேசிய பேச்சு. பதியக் கொடுப்பேன், எறியக் கொடுக்க மாட்டேன். கசெட்டைத் துவாயில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். இடுப்பில் குத்துகிறது.