எஸ்தெபான் பாதருக்கு நான் வைத்த தேர்வு

மார்ச் 7, வெள்ளி
பெரு நாட்டிலிருந்து எங்கள் வளைகுடாக் கோயிலுக்கு வந்திருக்கும் எஸ்தெபான் பாதர், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தைத் தமிழில் கேட்கத் தொடங்கிவிட்டார். லேபர் கேம்ப் ஆட்கள் அவரிடம்தான் குவிகிறார்கள். பஸ்ஸில் அவர்களோடு பேசிப் பழகிய தமிழ்! பங்குத்தந்தையிடம் என் ஆட்சேபத்தைச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
அவரே வீடு தேடி வந்தார். கோபமில்லை. ஸ்பெயின்காரர்கள் ஆண்ட நாளில் அவர் ஊருக்கு வந்த சாமியார்கள் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழி படித்துத் தேர்வில் தேற வேண்டுமாம். தேறினால்தான் பங்குக்கோயில் பொறுப்பு.
"என்னையும் சோதிச்சுப் பாருங்க யம்மா. பாஸ் ஆகுத வரை பாவசங்கீர்த்தனம் கேக்க மாட்டேன்."
பால்கனியில் வெகுநேரம் இருந்தேன். தூசியில் கீழே எங்கள் குதைபியா தெரு கரைந்து, மனக்கண்ணில் பெருவின் மலைப்பாதை ஒன்று எழுந்தது. நனைந்த அங்கியோடு ஓர் இளம் சாமியார், அந்நியச் சொற்களை மென்றபடி கழுதையின் பின்னால் ஏறுகிறார்.

மார்ச் 14
கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஞானோபதேச வினாவிடையிலிருந்து கேட்டேன். "உத்தம மனஸ்தாபமாவது யாது?" விழித்தார். தேறவில்லை.

மார்ச் 28
பாவசங்கீர்த்தனம் கேட்கப் பாதர் இல்லாமல் கோயில் பெஞ்சில் கேம்ப் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெல்டர் சூசைமிக்கேல், என்னைப் போலத் தூத்துக்குடிக்காரர், வழிமறித்தார். "யம்மா, பாதரை ஏன் பெயிலாக்குனிய? உங்க கேள்வி எனக்கே வெளங்காதே. நான் நரகத்துக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஊரில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்களாம். லீவு கிடைக்கவில்லை. அவர் யாரிடம் சொல்வார்? நான் செய்தது சரிதானே?

ஏப்ரல் 2
கனவு. மண்சுவர் மடம். சாமியார் தலைநகரத்து கெச்சுவாவில் மளமளவென்று ஒப்பித்துத் தேறிவிட்டார். பிறகு மேகத்துக்குள் ஒரு கிராமம். ஒரு கிழவி அவர் முன் மண்டியிட்டு ஏதோ அழுகிறாள். அவள் பேச்சு வேறு. அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கிழவிக்கு என் முகம்.

ஏப்ரல் 6
மறுதேர்வு. கேள்வி எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன் வீட்டில் பேசிய பேச்சு தானாக வந்தது—
"எங்க வீட்டு அவிய தவறிப் போன பொறவு, சாப்பாடு சரியில்லன்னு எங்கூட சண்டை போட ஆளில்ல பாதர்."
பாதர் மெல்லக் கேட்டார்.
"அந்தச் சண்டைதான் ரொம்ப தேடுதோ, யம்மா?"
ஏங்குவதைத் 'தேடுது' என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. பங்குத்தந்தைக்கு எழுதிக் கொடுத்தேன்: தேறினார்.

ஏப்ரல் 11, வெள்ளி
இன்று பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நானும் வரிசையில் நின்றேன். முன்னால் போகச் சொல்லி கேம்ப் ஆட்கள் ஒதுங்கினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.