கரண்டுக்கு முன்னால் ஒரு பன்

ஞாயிறு. புழுக்கம்.

பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு: குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மதியத்திலிருந்து மின்சாரம் இல்லை. கலங்க வேண்டாம். தெருவுக்கு இல்லாவிட்டாலும் என் அண்ணன் தலைக்கு உண்டு. நாளைக் காலை, ஆஸ்பத்திரியில், நாலாவது தடவை.

அண்ணனுக்கு மனச்சிதைவு. காதில் குரல் கேட்குது என்று கத்திக்கொண்டிருந்தவன், போன மாதம் சிலை. பேச்சில்லை, சோறில்லை, மூக்கில் குழாய். அதற்கு டாக்டரம்மா கண்டுபிடித்தது ஷாக்.

கேட்டேன். "மாத்திர மட்டும் பத்தல தம்பி. கூட இதையும் குடுத்தா இவரு மாதிரி நெறைய பேருக்குக் கொணம் தெரியுது. மயக்க ஊசி போட்டுத்தான் செய்றோம். கொஞ்சம் மறதி வரும்."

கொஞ்சமாம். கிராம் கணக்கா, கிலோ கணக்கா?

வெள்ளிக்கிழமை குழாயை எடுத்தார்கள். ஊட்டினால் கஞ்சி இறங்குதாம், அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். ஊட்டினால் கன்றுக்குட்டிக்கும் இறங்கும்.

திங்கள். தூறல்.

வெற்றி!

மயக்க ஊசிக்கு வெறும் வயிறு வேண்டும். தண்ணீர்கூடக் கூடாது. கட்டிலிலேயே அட்டை தொங்குகிறது. அம்மா குளிக்கப் போனாள். என் பையில் பட்டர் பன். நீட்டினேன். காலி.

ஸ்ட்ரெச்சர் வந்ததும் நானே நல்ல பிள்ளையாக: "சிஸ்டர், அண்ணன் வாயில பன்னு ஒட்டிட்டிருக்கு. எப்டின்னே தெரில."

ஷாக் ரத்து. புதன்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். டாக்டரம்மா முகத்தில் பியூஸ் போனது.

"எந்தக் கொள்ளையில போறவன்டா குடுத்தது?" அம்மா.

கொள்ளையில் போறவன் கூரையைப் பார்த்தான். ஒரே பன்னில் பவர்ஹவுஸையே அணைத்தவன், இந்தத் தெருவில் வேறு எவன்?

செவ்வாய். வெயில், சகிக்கவில்லை.

நேற்று எழுதாமல் விட்டது: அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னது அண்ணன்.

"தம்பிதான் குடுத்தான்."

ஒரு மாதம் கழித்து முதல் பேச்சு. அதுவும் கோள். என்னை அறைய ஓங்கிய கையோடு அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

இன்னொன்று. பன்னை நான் ஊட்டவில்லை. போன மாதம் இதே பன்னைப் பிட்டு வாயில் வைத்துக் கெஞ்சியிருக்கிறேன். உதட்டிலிருந்து மடியில் விழும். நேற்று அவனே கை நீட்டிப் பிடுங்கித் தின்றான். மூன்று ஷாக் இல்லாவிட்டால் என் வீரப் பன் மடியில்தான் கிடந்திருக்கும்.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லமாட்டேன். அந்த மூஞ்சி இன்னும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன், மெதுவாக: "நாளைக்குப் போய்ட்டு வந்தப்புறம் குடுடா."

வாங்கியாச்சு. அம்மா பையில் வைத்திருக்கிறேன். என் பையில் இல்லை. என்னை நம்பமுடியாது.