அளக்காமல் விட்ட ஒரு வால்வு

அக்கா,

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெயின் வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. எண்ணெய்த்தாளில் சுற்றிய பதினாறு வால்வு ஸ்பிரிங்குகள். வேலூர்க்காரர் ஒருவர் தன் பழைய காரை ரேஸுக்குத் தயார் செய்யக் கொடுத்திருக்கிறார். உன் வண்டியின் அதே மாடல், அதே என்ஜின். நீ போன பிறகு இந்த வேலையை நான் எடுக்கவில்லை. லாரி ஹெட்டு, டிராக்டர் ஹெட்டு, களம்பூர் ரைஸ்மில் ஜெனரேட்டர் என்று காலம் ஓடிவிட்டது. அவர் மூன்று முறை வந்து கேட்டார். மூன்றாவது முறை சரி என்றேன்.

அப்பாவின் புடவை மூட்டைகளைக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் ஓட்டிக்கொண்டு போனது நீதான். கல்யாணமாகி சேவூருக்குப் போன பிறகும் அந்த வேலையை நீ விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நடை. பின்சீட்டு முழுக்கப் பட்டு. அந்தச் சாலையில் எந்த இடத்தில் பள்ளம், எந்தத் திருப்பத்தில் மணல் கிடக்கும் என்று உனக்கு மனப்பாடம். சென்னைப் பக்கத்து டிராக்கில் கால் மைல் ரேஸ் நடக்கிறது என்று யாரோ சொல்ல, நீ அதே காரை எடுத்துக்கொண்டு போய் ஓட்டிவிட்டு வந்தாய். நாற்பது பேரில் பன்னிரண்டாவது. மற்ற முப்பத்தொன்பது பேரும் ஆண்கள் என்பதை நீ சொல்லவில்லை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் பட்டறைக்கு வந்து நின்றாய்.

"ஆர்பிஎம் ஆறாயிரத்துக்கு மேல போனா மூச்சு வாங்குதுடா. மிதிச்சிகினே இருக்கேன், அது அங்கயே நிக்குது. இன்னா பண்ணலாம்?"

என்ஜின் மூச்சு விடும் இடம், அதன் மேல்மூடியான ஹெட்டுதான். காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அகலப்படுத்தலாம், பெரிய வால்வு போடலாம், வால்வை இன்னும் ஆழமாகத் திறக்கும் கேம் போடலாம் என்றேன். அப்படிச் செய்தால் பழைய ஸ்பிரிங் தாங்காது என்றும் சொன்னேன். கேம் வால்வைத் திறக்கும். அதை மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. வேகம் ஏற ஏற, தளர்ந்த ஸ்பிரிங் பின்தங்கிவிடும். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடும்.

நீ கொஞ்சம் யோசித்தாய். "தறியில மிதிய விட்டதும் நூல தூக்கற விழுது தன் எடத்துக்கு வந்துடணும். லேட்டா வந்தா குறுக்க ஓடற நாடா மாட்டிக்கும். அந்த மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப நல்ல ஸ்பிரிங்கா போடு."

அந்த ஹெட்டு வேலை எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. சாயங்காலம் பஜாருக்கு வரும்போதெல்லாம் நீ எட்டிப் பார்ப்பாய். வந்து நின்று பார்ப்பாயே தவிர, இடையில் பேசமாட்டாய். வேலை முடிவதற்கு முந்தின நாள்தான் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினேன். ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை ஒவ்வொரு வால்விலும் தனித்தனியாக அளக்க வேண்டும். உயரம் கூடுதலாக இருந்தால் அடியில் வட்டத் தகடு ஒன்று வைத்துச் சரி செய்யவேண்டும். தேவையில்லாத இடத்தில் தகடு வைத்தால், வால்வு முழுக்கத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பிறகு அது எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

பதினைந்து வால்வுகளை அளந்தேன். பதினைந்துக்கும் ஒரு தகடு தேவைப்பட்டது. பதினாறாவதை எடுக்கும்போது ரைஸ்மில்காரர் ஒருவர் வந்து, ஜெனரேட்டர் நின்றுபோய் நெல் அப்படியே கிடக்கிறது, ஜல்தி வா என்று கையைப் பிடித்து இழுத்தார். போய்விட்டு மூன்று மணிநேரம் கழித்து வந்தேன். பதினைந்தும் ஒரே மாதிரி இருக்கும்போது இது மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது என்று, அளக்காமலே ஒரு தகட்டை வைத்து மூடினேன். அந்த ஒரு வால்வு உட்காரும் வளையமான சீட்டு தேய்ந்திருந்ததால் புது சீட்டு அடித்திருந்தேன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. புது சீட்டில் ஸ்பிரிங்கின் உயரம் ஏற்கெனவே சரியாக இருந்தது, அதற்குத் தகடே தேவையில்லை.

நீ வந்து கேட்டாய். "பதினாறும் அளந்துட்டியா?"

"அளந்துட்டேன்க்கா."

ரேஸ் அன்று முதல் இரண்டு ஓட்டமும் நன்றாகப் போயின. ஏழாயிரத்தைத் தாண்டியும் என்ஜின் தடையில்லாமல் ஏறியது. மூன்றாவது ஓட்டத்தில், முக்கால்வாசித் தூரம் தாண்டி நீ கியர் மாற்றிய நொடியில், தகரத்தைச் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. வெள்ளைப் புகை. பின்னால் ஆயில் கோடாக ஒழுகியது. மைக்கில் இருந்தவர், "அடடா, மேடம் கியர் மாத்தும்போது கீழ் கியர்ல போட்டுட்டாங்க போல" என்றார். கூட்டம் சிரித்தது. நீ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாய். என்னிடம் வந்து, "கை தப்பிடுச்சு போலடா" என்றாய். அப்போது எனக்கும் தெரியாது.

தெரிந்தது மூன்று நாள் கழித்து. ஹெட்டைக் கழற்றினேன். நான்காவது கியருக்குப் பதிலாக இரண்டாவது விழுந்திருந்தால் என்ஜின் தாறுமாறாகச் சுற்றி, பல வால்வுகள் வளைந்திருக்கும். இங்கே பதினைந்து வால்வுகள் நேராக இருந்தன. ஒன்று மட்டும் உடைந்து பிஸ்டனுக்குள் புதைந்திருந்தது. அதன் ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருந்தது. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டித் தேய்ந்த இடம் கண்ணாடி போலப் பளபளத்தது. அடியில் நான் வைத்த தகடு. பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். நான்கு மாதம் அதைத் திறக்கவில்லை.

அந்த நான்கு மாதத்தில் நடந்தது உனக்குத் தெரியும். யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. "ஆரணி அக்காவின் கியர் வித்தை" என்று அதற்கு ஒரு தலைப்பு. பஜாரில் தெரிந்தவர்கள் உன்னைப் பார்த்துக் கையால் கியர் போடுவது போலக் காட்டினார்கள். அப்பா திட்டவில்லை. அடுத்த நடைக்குப் புடவை மூட்டையை எடுத்துப்போக வாடகை வண்டியோடு வேறொரு டிரைவரை வைத்தார், அவ்வளவுதான். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார். நீயும் சரி என்றாய். சேவூரிலிருந்து ஆரணிக்கு டவுன் பஸ்ஸில் வரத் தொடங்கினாய். ஒருநாள் பட்டறைக்கு வந்தபோது நான் ஸ்கூட்டர் சாவியை நீட்டினேன். "வேணாம்டா. யாரையாவது இடிச்சிட்டா இன்னும் பேஜாரு" என்றாய். விளையாட்டாகச் சொல்கிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ விளையாடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பட்டறைக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு தவறு, ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அது வேறு ஒன்று, ஒரு மாதம் கழித்து என்றால் இன்னும் வேறு ஒன்று. ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போனது. இதுவும் ஒரு காரணம்தான், சமாதானம் இல்லை.

சேவூருக்கு வந்து உன் வீட்டில் சொன்ன அன்று, மாமா தறியில் இருந்தார். நான் டப்பாவைத் திறந்து ஸ்பிரிங்கைத் தரையில் வைத்தேன். சொன்னேன். தறிச் சத்தத்தில் உனக்குப் பாதிதான் கேட்டது.

"ஏங்க, கொஞ்சம் தறிய நிறுத்துங்க. இவன் இன்னா சொல்றான்னு சரியா கேக்கணும்."

தறி நின்றது. நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அளக்கவில்லை, அளந்தேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன், கியர் சரியாகத்தான் விழுந்தது. இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. மாமா தறிக்குழியை விட்டு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. இடது கையை எடுத்து, காற்றில், மூன்றிலிருந்து நாலுக்கு மெதுவாக மாற்றிப் பார்த்தாய். மறுபடி ஒருமுறை.

"நாலுலதான்டா விழுந்துச்சி. கைக்குத் தெரிஞ்சிது. எல்லாரும் சொல்லச் சொல்ல, என் கையையே நான் நம்பாம போயிட்டேன்."

அப்புறம் கேட்டாய். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஹெட்டு கழட்டின அன்னிக்கே."

"நாலு மாசம் நான் பஸ்ல வந்துகினு போயிகினு இருக்கேன். நீ பாத்துகினு இருந்த."

நீ எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போனாய், பாதியில் நின்றாய். "இன்னிக்கு இந்த வீட்ல உனக்கு சாப்பாடு இல்ல. போ. அப்பா கிட்ட நீயே சொல்லு. அந்த வீடியோ சுத்திச்சே, அந்த குரூப்புங்க எல்லாத்துலயும் நீயே போடு."

போட்டேன். முறிந்த ஸ்பிரிங்கைப் படம் எடுத்து, கீழே மூன்று வரி. 'கியர் மாற்றியதில் தவறில்லை. ஸ்பிரிங்கை அளக்காமல் பொருத்தியது நான். டிரைவர் மேல் ஒரு குறையும் இல்லை.' சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். சிலர் ஒன்றும் போடவில்லை. சிரிப்பு வீடியோ போன தூரத்தில் பாதிகூட இது போகவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். அப்பாவிடமும் நேரில் சொன்னேன், முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு உனக்குப் போன் போட்டு, "திங்கக்கிழம காஞ்சிபுரம் போவணும்மா, வரியா?" என்றார். "யோசிச்சு சொல்றேன்ப்பா" என்று சொல்லி, இரண்டு வாரம் அவரைக் காக்க வைத்தாய். அது உனக்குத் தேவையாக இருந்தது.

என்னை ஆறு வாரம் காக்க வைத்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் இன்னும் பட்டறையிலேயே கிடந்ததால், மாமாவின் பைக்கை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாய். கையில் ஒரு நோட்டு. பதினாறு கட்டம் போட்டு வைத்திருந்தாய்.

"புது ஹெட்டு வாங்கிட்டியாமே. நீ அளந்து சொல்லு, நான் எழுதறேன்."

அன்று முழுக்க அதுதான் பேச்சு. நான் ஒரு எண் சொல்வேன். நீ எழுதிவிட்டு, "ம்" என்பாய். வேறு ஒரு வார்த்தை இல்லை. பதினாறாவது முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, "மொதல்லேர்ந்து இன்னொரு தபா" என்றாய். மறுபடி அளந்தேன். மன்னித்துவிட்டேன் என்று நீ எப்போதும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் போகும்போது, "நாளைக்கு வூட்டுக்கு வா, மீன் வாங்கறேன்" என்றாய்.

அடுத்த வருடம் அதே டிராக்கில் உன் பிரிவில் மூன்றாவதாக வந்தாய். மைக்கில் அதே ஆள்தான். இந்த முறை மேடம் என்று சொல்லாமல், உன் பெயரையும் ஊரையும் சொன்னார். முடிவுக் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தியதும் நான் ஓடி வந்தேன். நீ பானட்டைத் திறக்கச் சொன்னாய். "ஆயில் எங்கனா கசியுதா பாரு மொதல்ல." கசியவில்லை. அதன் பிறகுதான் சிரித்தாய்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓட்டினாய். கணையத்தில் நோய் என்று தெரிந்தது ஒரு மாசியில். வைகாசியில் நீ இல்லை. இன்றும் பட்டறைக்கு வரும் யாராவது, "அக்கா ரேஸ் ஓட்டுவாங்களே, வண்டியிலயா போனாங்க?" என்று கேட்கிறார்கள். இல்லை, உடம்பு சரியில்லாமல் போனது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். உன் ஓட்டத்தின் மேல் இன்னொரு பழி விழவேண்டாம் என்றுதான் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன்.

போன வாரம் களம்பூரிலிருந்து ஒரு லாரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் நான் ஹெட்டு வேலை செய்து கொடுத்த வண்டி. என்ஜின் சூடேறி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஓட்டிவிட்டான் என்று ஓனர் அவரை வண்டியில் இருந்தே திட்டிக்கொண்டு வந்தார். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணி பாத்தேனுங்க" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கழற்றிப் பார்த்தேன். ஹெட்டின் பரப்பை நான் தேய்த்துச் சமன் செய்ததில், ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அங்கேதான் இடையில் வைக்கும் கேஸ்கட் போயிருந்தது. கையைக் கழுவினேன். தண்ணீர் குடித்தேன். வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். பிறகு ஓனரைக் கூப்பிட்டு, டிரைவர் காதில் விழும்படி சொன்னேன்.

"அவர் மேல தப்பு இல்லீங்க. இது என் வேலையில வந்த கோளாறு. நானே சரி பண்ணித் தரேன்."

ஓனர் என்னைத் திட்டிவிட்டு வெளியே போனார். டிரைவர் அங்கேயே நின்றார். "ரெண்டு நாளா சரியா தூங்கலைங்க. ஒருவேள நான்தான் பாக்கலையோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சி" என்றார்.

ஹெட்டைக் கழற்றியதற்கும் நான் வாயைத் திறந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன் அக்கா. முன்பு நான்கு மாதம் ஆனது. இப்போது அரை மணிநேரம். இன்னும் அரை மணிநேரம் ஆகிறது.